மிதிக்காமல் போகும் தூரம்

"ஸ்பின்னிங் கிளாஸ்ல சேந்துட்டேன்" என்று நான் சொன்னபோது என் கணவர் தட்டிலிருந்து நிமிர்ந்து, "இந்த வயசுல மில் வேலை கத்துக்கப் போறியாக்கும்?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் என்றால் பஞ்சும் நூலும்தான். ஒரு பர்னிச்சர் கடையின் மாடியில், இடத்தை விட்டு நகராத பன்னிரண்டு சைக்கிள்களைப் போட்டு ஜிம் ஒன்று தொடங்கியிருக்கிறார்கள், அதன் மேல் உட்கார்ந்து மிதிக்க வேண்டும், அதற்குத்தான் அந்தப் பெயர் என்று விளக்கினேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "எங்கயும் போகாதா?" என்றார்.

"போகாது."

"அப்ப பத்திரமா போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டார்.

எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. செட்டியார்பட்டியில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்கள் தயார் செய்கிற வேலை. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பேன். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், சர்க்கரை வாசலில் வந்து நிற்கிறது, உள்ளே விடுவதும் விடாததும் உங்கள் கையில் என்றார். நடக்கத் தொடங்கினேன். முழங்கால் வலித்தது. சைக்கிள் என்றால் முழங்காலுக்கு அவ்வளவு பாரம் இல்லை என்று ஆபீஸில் யாரோ சொன்னார்கள். மகள் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டாள், கணவர் கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் லேப் டெக்னீஷியன், ஏழு மணிக்குத்தான் காலேஜ் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்புவார். அதற்கு முன் விடியற்காலை என்னுடையதாக இருந்தது. மாடிப்படி ஏறினேன்.

உள்ளே போனதும் எனக்கு நேரமே குழம்பிப்போனது. வெளியே வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. உள்ளே கனத்த திரைகள், ஏசியின் குளிர், சுவரோரம் நீல விளக்கு. பாட்டு நெஞ்சில் இடித்தது. பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கு என் மகளைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். காதோரம் மைக் மாட்டிக்கொண்டு, "அக்கா, ரெசிஸ்டன்ஸ் கூட்டுங்க, இப்ப மேடு வருது!" என்று கத்துவாள். கைப்பிடிக்குக் கீழே ஒரு குமிழ். அதைத் திருகினால் சக்கரம் கனக்கும். அதுதான் மேடு. தளர்த்தினால் இறக்கம். நாற்பத்தைந்து நிமிடம் இப்படி மேடும் இறக்கமுமாகப் போகும். முதல் நாள் இறங்கியபோது தொடை இரண்டும் எனக்குச் சொந்தமில்லாதவை மாதிரி நடுங்கின.

ஆனால் வகுப்பின் நடுவே ஒரு ஐந்து நிமிடம் வரும். அதற்காகவே நான் விடாமல் போனேன் என்று நினைக்கிறேன். பாட்டின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அந்தப் பெண் சொல்வாள்: "கண்ண மூடிக்கோங்க. முன்னால ஒரு ரோடு இருக்குன்னு நெனச்சுக்கோங்க. அதுல நீங்க மட்டும்தான் போறீங்க."

கண்ணை மூடினால் எனக்கு உடனே ஒரு சாலை வந்துவிடும். இரு பக்கமும் புளியமரம். இடது கைப் பக்கம் மலை, அதன் பாதி உயரம் வரை மேகம். வண்டிகள் இல்லை, ஆட்கள் இல்லை. சில நாள் அந்தச் சாலை தண்ணீருக்கு மேலே போகும். சக்கரம் நனையாது. சில நாள் மலைக்குள்ளேயே நுழைந்து, நான் பார்த்தே இராத ஏதோ ஊரின் தெருக்கள் வழியாகப் போகும், வாசல்களில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஒரு முறை என் அம்மா அந்தத் தெருவில் நின்றிருந்தாள். நான் நிற்காமல் கடந்தேன், அவளும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "கண்ணத் தொறங்க" என்ற குரல் வந்ததும் எதிரே கண்ணாடியில் நீல நிறத்தில் வியர்த்துப்போய் நான் உட்கார்ந்திருப்பேன்.

எனக்குப் பக்கத்து சைக்கிளில் ஒரு பெண் வருவார். போலீஸில் ஏட்டாக இருந்தார். நாற்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயது இருக்கும். பின்னலை மடித்துக் குத்தி, முதுகை நிமிர்த்தி, வாயைத் திறக்காமல் மிதிப்பார். அவருடைய குமிழ் எப்போதும் எங்களைவிட இரண்டு திருகு இறுக்கமாக இருக்கும். சக்கரம் சுற்றும் வேகம் மட்டும் குறையாது. "மேடத்தப் பாருங்க, மேடத்தப் பாருங்க" என்று பயிற்சிப் பெண் எங்களை உசுப்புவாள். நானும் அவரை மேடம் என்றுதான் கூப்பிட்டேன். மூன்று மாதம் பக்கத்தில் பக்கத்தில் மிதித்தும் வணக்கம், வாரேன் என்பதைத் தாண்டி நாங்கள் பேசியதில்லை.

ஒரு நாள் வகுப்பு முடியப்போகிற நேரத்தில் மின்சாரம் போனது. பாட்டு நின்றது, விளக்கு அணைந்தது, ஏசி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. எல்லோரும் இறங்கி, போனில் டார்ச் போட்டுக்கொண்டு படிக்கட்டுக்குப் போனார்கள். சைக்கிள்களுக்கு மின்சாரம் தேவையில்லை. அதனால் நான் நிறுத்தவில்லை. பக்கத்திலும் சக்கரச் சத்தம் கேட்டது. அவரும் நிறுத்தவில்லை. முன்னால் இருந்த சின்னத் திரைகளில் எங்கள் இருவருடைய எண்கள் மட்டும் இருட்டில் ஓடிக்கொண்டிருந்தன. அந்த அமைதியில் இரண்டு சக்கரங்களும் ஒரே சுருதியில் சுற்றுவது கேட்டது.

"இதுவரைக்கும் எம்புட்டு தூரம் காட்டுது மேடம்?" என்று கேட்டேன்.

"பத்தொம்பது."

"அடேயப்பா. இந்நேரம் ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி கிருஷ்ணன்கோவில் போயிருப்பீங்க. ஒரு நாள் நெசமாவே போகலாமா, ரோட்டுல? உங்க காலுக்கு அதெல்லாம் ஒண்ணுமே இல்ல."

அவருடைய சக்கரத்தின் வேகம் முதல் தடவையாகக் குறைந்தது. பிறகு, முகம் தெரியாத அந்த இருட்டிலிருந்து, "எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதுக்கா" என்றார்.

நான் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

"நெசமாத்தான். வீட்டுல ஒரு சைக்கிள். எனக்கு மூணு அண்ணன்மாரு, அவியளுக்கே அது போதல. மூணு பேரும் மிலிட்டரிக்குப் போனாவ. சைக்கிளையும் எங்கப்பா வித்துட்டாரு. பொறவு நான் போலீசுக்கு வந்துட்டேன். யூனிபார்ம் போட்ட பொறவு விழுந்து எந்திச்சுக் கத்துக்க முடியுமா? ஊரே பாத்துச் சிரிக்கும். ஸ்கூட்டியும் ஓட்ட மாட்டேன். ஜீப்பு, ஆட்டோ, இல்லேன்னா நடைதான்." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இதுல ஏறுனா விழ வேண்டியதில்ல. அதனாலதான் இங்க வாரேன்."

மின்சாரம் வந்தது. விளக்கில் அவர் முகம் சிவந்திருந்தது. மிதித்ததால் இருக்கலாம். யாரும் பார்க்காத இடம் ஒன்று எனக்குத் தெரியும், கற்றுத்தருகிறேன் என்றேன்.

நான் வேலை பார்க்கும் கம்பெனிக்குப் பின்னால் துணி காயப்போடும் பெரிய களம் உண்டு. வெளுத்த பேண்டேஜ் துணியை ஆள் உயரத்துக்கு மேலே கயிறு கட்டி, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை நீள நீளமாகத் தொங்கவிட்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆள் இருக்காது. சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டு, வாட்ச்மேனிடம் சாவி வாங்கி, என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த சைக்கிளை ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நாங்கள் இருவரும் அங்கே போனோம். காலை ஆறரை மணி வெயில் துணிக்குள் புகுந்து களம் முழுக்கப் பால் நிறத்தில் பரவியிருந்தது. காற்றடித்தால் வரிசை மொத்தமும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, யாரோ பெரிதாக மூச்சு விட்டதுபோல மெல்லத் திரும்பி வரும். இரண்டு வரிசைகளுக்கு நடுவே இருந்த பாதைதான் எங்கள் ரோடு.

முதலில் நான் ஓட்டிக் காட்டுவதாகச் சொல்லி ஏறினேன். சைக்கிளைத் தொட்டு இருபத்தைந்து வருடம் ஆகியிருந்தது. மூன்று மாதமாக மிதித்த கால்கள், பார்த்துக்கொள்ளலாம் என்ற தெம்பு. ஏறிய உடனே கைப்பிடி ஆடியது. மாடியில் ஒரு நாளும் என் தோளுக்கும் கைக்கும் வேலை இருந்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பத்தடி கோணல்மாணலாகப் போய், காலை ஊன்றி நின்றேன். மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்குத் தைரியம் கொடுத்திருக்க வேண்டும். "குடுங்க" என்று வாங்கி ஏறினார்.

நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். "கைய இறுக்காதீங்க மேடம். கீழ பாக்காதீங்க மேடம்." அவர் கால்களோ கனமான சக்கரத்தைத் தள்ளிப் பழகியவை. ஒரே அழுத்துதான், சைக்கிள் என் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு பாய்ந்தது. நேராகத் துணி வரிசையைப் பார்த்துப் போனது.

"ஏட்டி, பிரேக்கப் புடி! பிரேக்கப் புடி!" என்று என்னை அறியாமல் மரியாதையை விட்டுக் கத்தினேன்.

அவர் பிடிக்கவில்லை. ஒரு வரிசைத் துணி அப்படியே கயிற்றோடு இறங்கி அவரை மூடியது. ஓடிப்போனேன். வெள்ளைக்குள் ஓர் உருவம் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாரோ என்று பயந்து துணியை விலக்கினால், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் எட்டிப் பார்த்தது. "பேண்டேஜுக்குப் பஞ்சமில்லக்கா" என்றாள். அன்றோடு மேடம் போயிற்று. திங்கட்கிழமை நடந்ததை சூப்பர்வைசரிடம் நானே சொன்னேன். அழுக்கான துணியை மறுபடி வெளுக்கப் போட்டார்கள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நான் கேரியரை விட்டுவிட்டேன். அவளுக்கு அது தெரியாது. பாதையின் அந்தக் கடைசி வரை போனாள். திரும்ப இடம் தாராளமாக இருந்தது, பெரிய வட்டமாகத் திரும்பினாள். என்னைப் பார்த்து வரும்போதுதான் நான் பின்னால் இல்லை என்பதைக் கண்டிருக்கிறாள். பயத்தில் மிதிப்பதை நிறுத்திவிட்டாள். சைக்கிள் நிற்கவில்லை. பின் சக்கரம் டிக் டிக்கென்று மெதுவாகச் சத்தம் போட்டுக்கொண்டு, இரு பக்கமும் துணி அசைய, அவளைத் தூக்கிக்கொண்டு வந்தது.

"அக்கா, நான் மிதிக்கலக்கா! அதுவா போவுது!"

மாடியில் இருக்கும் சைக்கிளில் அப்படி முடியாது. அங்கே சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், பெடல் சுற்றும்வரை காலும் சுற்ற வேண்டும். ஓய்வு வேண்டுமென்றால் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். ஓய்ந்துகொண்டே போகலாம் என்பதை அவள் நாற்பத்தோராவது வயதில், வெளுத்த துணிகளுக்கு நடுவே தெரிந்துகொண்டாள். என்னைக் கடந்து போகும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது, ஆனால் தூக்கத்தில் இருப்பவள் முகம்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை அவளுக்கு டூட்டி இல்லாமல் அமைந்தது. அதற்குள் நான் ஒரு கியர் சைக்கிள் வாங்கியிருந்தேன். அவள் என் மகளின் சைக்கிள்தான் வேண்டும் என்றாள், அதுதான் பழகிவிட்டதாம். கணவரிடம் சும்மா பக்கத்தில் ஓட்டிவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். மெயின் ரோடு பக்கம் போகாமல், மலை அடிவாரமாக மம்சாபுரம் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போவதாகத் திட்டம்.

கிளம்பும்போது இன்னும் இருட்டு முழுதாகப் பிரியவில்லை. ஊர் தாண்டியதும் தென்னந்தோப்புகளின் ஈர வாசனை வந்தது, பிறகு மாந்தோப்பு, பிறகு நெல் வயல். நான் கண்ணை மூடிப் பார்த்த சாலைக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம்தான் முதலில் பட்டது. அங்கே காற்று இருந்ததில்லை. இங்கே மலையிலிருந்து இறங்கிய காற்று இடது தோளைத் தள்ளிக்கொண்டே இருந்தது. தோப்பு வந்தால் விட்டுவிடும், தோப்பு முடிந்ததும் மறுபடி வந்து தோளைப் பிடிக்கும். குமிழைத் திருகாமலே சைக்கிள் கனத்தது. யார் திருகுகிறார்கள் என்று தெரியவில்லை.

ஒரு பாலத்து மேட்டில் அவள் மூச்சு வாங்கி நின்றாள். "அங்க நான் எத்தன மேடு ஏறியிருப்பேன். இது இத்துனூண்டு. இதுக்கு ஏன்க்கா இப்படி வருது?" என்று கேட்டாள். பயத்தில் உடம்பை இறுக்கிப் பிடிக்கிறோம், அதுவே பாதிச் சக்தியைத் தின்றுவிடுகிறது என்று பிறகு புரிந்தது. செத்த நேரம் நின்றோம். மலை நீலமாக இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியிலிருந்து பச்சையாக மாறியது. கீழே ஓடையில் தண்ணீர் இல்லை, ஒரு மயில் மணலில் நடந்து போனது. கொஞ்ச தூரம் தள்ளி ஓர் ஆட்டு மந்தை சாலையைக் கடந்தது. எங்களைச் சுற்றி ஆடுகள் ஓடும் நீர் போல வழிந்து போயின. அவள் இரண்டு பிரேக்கையும் பிடித்து, காலூன்றி, டிராபிக்கில் நிற்கும் தோரணையில் நின்றாள். ஆட்டுக்காரர் அவளை அடையாளம் கண்டுகொண்டாரோ என்னவோ, ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனார்.

மம்சாபுரம் தாண்டி ஒரு இடத்தில் மெயின் ரோட்டில் ஏறியே ஆக வேண்டியிருந்தது. லாரி ஒன்று கடந்தால் அதன் காற்று முதலில் வெளியே தள்ளி, பிறகு உள்ளே இழுத்தது. "வெள்ளக் கோட்டுக்கு வெளியவே வா, திரும்பிப் பாக்காத" என்று கத்திக்கொண்டே நான் பின்னால் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையில் மடவார் வளாகத்துச் சிவன் கோயில் கோபுரம் தெரிந்தபோது பின்னாலிருந்து ஒரு நீண்ட ஹாரன். காலேஜ் பஸ். மெதுவாக எங்களை ஒட்டிக் கடந்தது. ஜன்னல்களில் வரிசையாகத் தூங்கும் தலைகள். ஐந்தாவது ஜன்னலில் தூங்காத ஒரு முகம், என்னைப் பார்த்து வாய் திறந்தபடி, என் கூடவே இரண்டு மூன்று விநாடி வந்து, முன்னால் போய் மறைந்தது. என் கணவர். கனவில் தெரிந்தவர்கள் வந்துபோவார்களே, அப்படித்தான் இருந்தது. நான் கை காட்டியிருக்கலாம். கைப்பிடியை விடப் பயம்.

கோயில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் டீக்கடையில் இறங்கி உட்காரும்போது போன் அடித்தது.

"ரோட்டுல பாத்தது நீதானா?"

"ஆமாங்க."

"கூடப் போனது யாரு?"

"போலீஸ்."

"பிடிச்சுட்டுப் போறாவளா?" பிறகு அவர் சிரிப்பது கேட்டது. "எங்கயும் போகாதுன்னு சொன்ன. இப்படித் தூரந்தொலவுக்கு வந்து நிக்க. நல்லாத்தான் ஓட்டுத. தலைக்கு ஒண்ணு மாட்டிக்கோ, ஹெல்மெட்டு இல்லாம வராத." வைத்துவிட்டார். பஸ்ஸில் பக்கத்திலிருந்தவரிடம் அது என் மனைவி என்று சொன்னதாகச் சாயங்காலம் சொன்னார்.

திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. கடைசி ஐந்து கிலோமீட்டரை இருவரும் நிழல் தேடித் தேடி மிதித்தோம். மறுநாள் எனக்குத் தொடை வலிக்கவில்லை. உள்ளங்கை, பிடரி, இடுப்பு, இந்த மூன்றும் வலித்தன.

திங்கட்கிழமை வகுப்பில் சொன்னோம். பயிற்சிப் பெண்ணுக்கு முகம் சுருங்கியது.

"போக வர எவ்வளவு நேரம்க்கா ஆச்சு?"

"டீக்கடை சேத்து மூணு மணி நேரம்."

"ஹார்ட் ரேட் பாத்தீங்களா?"

"ஆட்டு மந்தையத்தான் பாத்தோம்."

"இங்க முக்கா மணி நேரத்துல வர்ற உழைப்பு அங்க வராதுக்கா. நின்னு நின்னு போவீங்க, எறக்கத்துல மிதிக்க மாட்டீங்க. லாரி வேற. விழுந்தா ஆறு மாசம் படுக்கைதான்." அவள் சொன்னது எதுவும் பொய்யில்லை. மாடியில் சைக்கிளை விட்டு இறங்கும்போது நான் நனைந்த துணிபோல இருப்பேன், ரோட்டில் வியர்வையைக் காற்று அப்போதைக்கப்போதே எடுத்துக்கொண்டது. மாடியில் மழை இல்லை, நாய் இல்லை, வேலைக்குப் போகும் நாளில் சட்டென்று முடித்துவிட்டு ஓடலாம். அந்தப் பெண் இல்லாவிட்டால் எங்களுக்குக் கால்களே வந்திருக்காது. இதையும் அவளிடம் சொன்னோம். அவள் சமாதானமாகி, மைக்கை மாட்டிக்கொண்டாள்.

ஆக இரண்டையும் வைத்துக்கொண்டோம். வாரத்தில் மூன்று நாள் மாடி, சனிக்கிழமை வாய்த்தால் ரோடு. "கண்ண மூடிக்கோங்க" என்று அவள் சொல்லும்போது இப்போது என் சாலையில் இடது பக்கமிருந்து காற்று அடிக்கிறது, ஆடு குறுக்கே வருகிறது. ஒரு நாள் பாதியில் கண்ணைத் திறந்து பக்கத்தில் பார்த்தேன். கண்களை மூடியபடி அவள் லேசாக வலப்பக்கம் சாய்ந்துகொண்டிருந்தாள். ஏதோ வளைவில் திரும்புகிறாள்.

ஆறு மாதம் கழித்துப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், சர்க்கரை வாசலை விட்டு இறங்கி நடந்துவிட்டது, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். சைக்கிள் என்றேன். வீட்டிலா வெளியிலா என்றார். இரண்டிலும் பாதிப் பாதி என்றேன். எது வேலை செய்தது என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பங்குனியில் அவளுக்குச் சிவகாசிக்கு மாறுதல் வந்தது. வீடு மாற்றும் நாளில் மகளின் சைக்கிளை அவளிடமே கொடுத்துவிட்டேன். மகளிடம் போனில் கொடுக்கலாமா என்று கேட்டபோது, "அது இன்னும் ஓடுதா?" என்று ஆச்சரியப்பட்டாள். வேனில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே அது நின்றபடி போனது. ஜிம்மில் என் பக்கத்து சைக்கிளில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். இரண்டு சனிக்கிழமை தனியாகப் போனேன். பாலம் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

மூன்றாவது வாரம் அவளே கூப்பிட்டாள். "அக்கா, இங்கேந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ரோடு நல்லாத்தான் இருக்கு. நீங்க அங்கேந்து வாங்க, நான் இங்கேந்து வாரேன்."

சனிக்கிழமை நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியகுளம் கண்மாய்க் கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். தண்ணீர் பாதி வற்றி, நடுவில் தகடுபோலப் பளபளத்தது. அதில் கொக்குகள் அசையாமல் நின்றன. கண் கூசும் வெயில். கொஞ்ச நேரத்தில் கிழக்கிலிருந்து ஒரு புள்ளி வந்தது, கானலில் நெளிந்து இரண்டாகி, மறுபடி ஒன்றாகி, தலைக்கவசம் போட்ட ஒரு பெண்ணாயிற்று. மணியடித்துக்கொண்டே வந்து இறங்கினாள்.

"வந்து எம்புட்டு நேரமாச்சுக்கா?"

"இப்பத்தான்."

பையிலிருந்து இரண்டு கொய்யாப்பழம் எடுத்தாள். மிளகாய்ப்பொடியும் உப்பும் ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தாள். கரையில் உட்கார்ந்து, கால்களைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டிக்கொண்டு தின்றோம்.